தண்ணீரோடு நடந்தவன்

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் பெரியப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நன்னிலம் போனேன். பி.டபிள்யூ.டி. ஆபீசில் முறைத் தண்ணீர் பேச்சு. இன்றிலிருந்து எங்கள் ஊருக்கு ஆறு நாள், அதற்கப்புறம் கடைமடையில் இருக்கிற கடம்பவெளிக்கு ஆறு நாள். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது பெரியப்பா சொன்னார்: "ஆறு நாள்ல நமக்கு நாத்தங்கால் வேலையே முடியாதுடா. எட்டு, ஒம்பதுன்னு இழுத்துக்குவோம். வாய்க்கால் ஷட்டர் பக்கம் நீ ஒரு நடை நடந்தீன்னா எவன் வந்து கேப்பான்?"

எவனும் கேட்கமாட்டான். நாற்பத்தொரு வயசில் எனக்குத் தெரிந்த ஒரே உத்தியோகம் அதுதான். பெரியப்பா கண்ணுசாமி பேசுவார், இந்தப் பகலவன் பின்னால் நிற்பான். அவர் பாசன சங்கத் தலைவர். சொந்தப் பெரியப்பா இல்லை, அப்பாவோடு கொடி பிடித்தவர். அப்பா செத்த பிறகு என்னைப் படிக்கவைத்துச் சோறு போட்டவர். குத்தகை நிலத் தகராறில் அவர் கழுத்துக்கு வந்த அரிவாளை நான் இடது தோளில் வாங்கினேன். அதைச் சொல்லிச் சொல்லியே ஊர் என்னை வீரன் ஆக்கிவிட்டது. வீரனாம்! முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கடம்பவெளி சுடர்விழியின் ஊர். டீக்கடையில் அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 10

சுடர் இரண்டு தடவை போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

பேத்திக்குக் கொடு என்று அம்சம் பெரியம்மா முறுக்கும் சீடையும் கட்டிக் கொடுத்தார். எடுத்துக்கொண்டு கடம்பவெளி போனேன். எப்போதும் இப்படித்தான். அந்த வீட்டுக்கு என்னை அனுப்புவதே இந்த வீடுதான்.

சுடர் பாடம் எடுக்க ஸ்கூலுக்குக் கட்டின சேலையோடு அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடம் குடமாகத் தூக்கிப்போய் நாற்றங்காலில் தெளித்துக்கொண்டிருந்தாள். தரை வெடித்திருந்தது. நாற்று நுனியெல்லாம் மஞ்சள்.

"எத்தன கொடம்தான் ஊத்துவ?"

"சாவற வரைக்கும். நாத்தோ நானோ."

"பேசாம இரு."

"போன ஏன் எடுக்கல?"

"பெரியப்பா பக்கத்துல இருந்தாரு."

"எப்பதான் இல்ல?" என்றாள்.

அவள் பெரியப்பாவின் மருமகள். என் சிநேகிதன் பரிதியின் மனைவி. அவன் மலேசியா போய் நாலு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. அங்கே அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள், ஒரு பையனும் இருக்கிறான். இது சுடருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்த அன்றே மகள் செம்மொழியைக் கூட்டிக்கொண்டு இவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியப்பா வீட்டில் மட்டும் பரிதி இன்னும் 'லீவு கிடைக்காமல்' இருக்கிறான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுடரின் அம்மாவை திருவாரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "கூட இருந்து பாத்துக்கடா" என்று என்னை அனுப்பியது பெரியப்பாதான். பார்த்துக்கொண்டேன். அப்படி ஆரம்பித்தது. கல்யாணத்தில் பரிதிக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான். ஊருக்கு நடுவே இன்னும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் நாக்கு கூசுகிறது.

விவாகரத்துக்கு நோட்டீஸ் அனுப்பப் போகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பொறு, பெரியப்பாவிடம் நான் பேசுகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கிளம்பும்போது தண்ணீர் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுதாமல் வேறு எதுவும் ஓடவில்லை.

மங்களாம்பிகை அக்கா பேத்திக்கு இன்று காதுகுத்து. ஊர் முழுக்க மாரியம்மன் கோயில் பந்தலில். ஷட்டர் காவலுக்கு சிவசாமி மாமா மட்டும்தான். நான் அந்தப் பக்கம் போனபோது மைக் செட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பந்தி போட்டுட்டாங்க போலருக்கு. ஒரு வாய் சாப்ட்டுட்டு ஓடியாந்துடறேன். பாத்துக்கறியா?"

"போயிட்டு வாங்க மாமா."

போனார். நானும் தண்ணீரும் மட்டும். ஷட்டருக்கு இந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் கட்டாந்தரை. முறைப்படி பார்த்தால் இன்றைக்குக் கடம்பவெளியின் நாள். யாருடைய தண்ணீரை யார் காவல் காக்கிறோம்? மாமா வைத்துவிட்டுப் போன ஷட்டர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். கொஞ்சம் திறந்து வாய்க்கால் நனைந்த பிறகுதான் மேலே தூக்க வேண்டும். சின்னப்பிள்ளைக்குத் தெரியும். நான் ஒரேயடியாகத் தூக்கினேன். மாமா திரும்பி வருவதற்குள் போதுமான தண்ணீர் போய்விட வேண்டும் என்ற அவசரம்.

காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் தானாகப் போகாது. சருகும் வைக்கோலும் பிளாஸ்டிக் கப்பும் சேர்ந்து முன்னால் அடைத்துக்கொள்ளும். யாராவது மண்வெட்டியோடு கூடவே நடந்து விலக்கிவிட வேண்டும். முதல் வளைவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பலாம் என்றுதான் மண்வெட்டியோடு இறங்கினேன். வளைவு வந்தது. தண்ணீர் என் காலைத் தொட்டுக்கொண்டே கூட வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கடம்பவெளி வரைக்கும் போய்விட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அத்தனை சந்தோஷமாக இருந்தது! இந்த வாழ்க்கையில் யாரையும் மிரட்டாமல், யார் பின்னாலும் நிற்காமல் ஒரு காரியம் செய்துகொண்டு போனேன்.

சுடர் வரப்பில் நின்று பார்த்தாள். ஓடி வந்து மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் நாற்றங்காலுக்குள் போனது. சேற்றுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது.

அந்த நேரத்தில்தான் கரை உடைந்திருக்கிறது. மங்களாம்பிகை அக்கா வயல் பக்கம். போன மாதம் மெஷின் வைத்துத் தூர்வாரின மண்ணைக் கரையில் கொட்டினதோடு சரி, யாரும் மிதித்துக் கெட்டிப்படுத்தவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கினேன்.

கூச்சல் கேட்டு ஓடிவந்தேன். நாளைக்கு மெஷின் விட்டு அறுக்க வேண்டிய குறுவை நெல். அத்தனையும் தண்ணீரில். பட்டுச்சேலையோடு அக்கா வயலுக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார். சிவசாமி மாமா ஷட்டர் பக்கத்து வேப்பமரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டிருந்தார். விருந்தில் யாரோ ஊற்றிவிட்டிருக்கிறார்கள். எழுப்பியபோது வாடை. நான் நேராக உடைப்பில் குதித்தேன். மணல் மூட்டை, சவுக்குக் கம்பு, வைக்கோல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு அடைத்தோம்.

"பகலவன் வந்துட்டான்டா, இனிமே கவலயில்ல" என்று எவனோ கத்தினான்.

செப்டம்பர் 15, திங்கள்

சங்கக் கட்டிடத்தில் விசாரணை. சிவசாமி மாமா சொன்னார்: "நான் பகலவன் தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் சாப்பிடப் போனேன்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். "அப்படியாடா?"

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வந்தது வேறு. "ஆமா, சொல்லிட்டுத்தான் போனாரு. அவரு திரும்பி வந்தப்பறம்தான் நான் கெளம்பினேன்."

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. யோசிக்கிற முகம். "நான் வந்தப்ப நீ இருந்தியா தம்பி? இருந்தியா... எனக்கு சரியா நெனவில்லயே."

அவ்வளவுதான். கடம்பவெளிக்காரன் ஒரு பாட்டிலை நீட்டியிருப்பான், கிழவன் திறந்துவிட்டிருப்பான் என்று செந்தில்குமார் முடித்துவைத்தான். செந்தில்குமார் சங்கச் செயலாளர். எதையும் சீக்கிரம் முடித்துவைப்பான்.

செப்டம்பர் 16

சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

மங்களாம்பிகை அக்கா விடவில்லை. ஐயனார் கோயிலில் சூடம் அணைக்கணும், ஷட்டர் பக்கம் இருந்த ரெண்டு பேரும் அணைக்கணும் என்று நின்றார்.

எனக்குச் சாமி கிடையாது. அப்பா விபூதி பூசி நான் பார்த்ததில்லை. சூடத்தை அணைத்துப் பொய் சொன்னால் கண் போகும் என்பதையெல்லாம் கேட்டுச் சிரித்து வளர்ந்தவன். ஆகவே பயமே இல்லாமல் போனேன். முன்னால் கூப்பிட்டிருந்தால் ஒரே அடியில் அணைத்துவிட்டு வந்திருப்பேன்.

பெரியப்பா கோயிலுக்குள் வராமல் வெளியே நின்றபடி சொன்னார்: "எம்புள்ள சூடம் அணைக்க வேண்டியதில்ல. அவன் தோளைப் பாத்தா போதும்."

ஊரே சரி என்றது. அக்காகூட சரி என்றார்.

சிவசாமி மாமா குளித்து ஈர வேட்டியோடு வந்திருந்தார். தட்டில் சூடம் எரிந்தது. கையைத் தூக்கினார். கை அப்படியே நின்றது. "நான் தொறக்கல... தொறந்த மாதிரி நெனவில்ல. நெனவில்லாத ஒண்ணுக்கு எப்படிம்மா நான் சாமி முன்னாடி அணைக்கறது?" என்று அழுதார். சூடம் தானாக எரிந்து அடங்கியது.

கைப்பிடியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். முப்பது வருஷமாக அது அவர் வீட்டில் இருந்தது.

சாமியை நம்புகிற மனுஷன் பொய் சத்தியத்துக்குப் பயந்து மாட்டிக்கொண்டான். நம்பாதவனுக்கு சத்தியமே வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் என்ன ஜென்மம்?

செப்டம்பர் 21

அக்கா வயலில் மெஷின் இறக்கினார்கள். சேற்றில் ஓடுகிற பெல்ட் வண்டியே புதைந்தது. சாய்ந்த கதிரெல்லாம் முளைவிட்டுவிட்டது. சுடர் போனில் சொன்னாள், நாற்று பச்சை கட்டிவிட்டதாம். நல்லது என்றேன். கரை உடைந்த விஷயம் அவளுக்குத் தெரியும். சிவசாமி மாமா விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

சிவசாமி மாமாவின் மனைவி சௌந்தரநாயகி அத்தை வீட்டுக்கு வந்தார். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா பெரியவரு கேப்பாரு தம்பி. எங்க வீட்டுக்காரரு இப்ப குடிக்கறதையும் விட்டுட்டாரு. சோறும் எறங்கல. 'நான்தான் தொறந்திருப்பேனோ சௌந்தரம், நான்தான் தொறந்திருப்பேனோ'ன்னு கேட்டுக்கிட்டே கெடக்காரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"பாக்கறேன் அத்தை" என்றேன்.

"நீங்க நல்லாருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடப்பாவி. அடப்பாவி பகலவா.

செப்டம்பர் 26, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து, "ஷட்டரத் தொறந்தது நான்தான், சிவசாமி மாமா இல்ல" என்றேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஏன் திறந்தாய் என்று செந்தில்குமார் கேட்டான். இதற்கு மட்டும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "கடம்பவெளி ஆளுங்ககிட்ட காசு வாங்கினேன்."

உடனே நம்பிவிட்டார்கள். அதுதான் ஆச்சரியம். தோளில் வெட்டு வாங்கினவன் காசு வாங்கமாட்டான் என்று ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. செந்தில்குமார் சட்டையைப் பிடித்தான். மங்களாம்பிகை அக்கா காறித் துப்பினார். பட்டுக்கொண்டேன். சுடர் பெயர் வெளியே வரவில்லை, பெரியப்பா வீட்டு மானமும் போகவில்லை, மாமாவும் தப்பித்தார். எல்லாம் என்னோடு போகட்டும்.

சாயங்காலம் பெரியப்பா கூப்பிட்டனுப்பினார். மாட்டுக்கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா" என்றார். "உடைப்புக்கு எல்லாரும் ஊர்ப்பக்கத்துலேர்ந்து ஓடியாறாங்க, நீ மட்டும் கடம்பவெளி பக்கத்துலேர்ந்து மண்வெட்டியோட ஓடியாந்த."

"அப்ப சிவசாமி மாமாவ ஏன்..."

"உன்ன விட்டுட்டு நான் யாரடா புடிச்சிக்கறது?"

எழுந்து மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "காசு வாங்கலன்னும் தெரியும். யாருக்காகன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத."

செப்டம்பர் 27

நன்றாகத் தூங்கினேன். விடியும்போது கதவைத் தட்டினது சிவசாமி மாமா. அடிக்கட்டும் என்று நின்றேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் இல்லல்ல? நான் இல்லல்ல தம்பி?" என்று சிரித்தார். கைப்பிடி அவரிடம் திரும்ப வந்துவிட்டது. அவருக்கு என் மேல் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அக்டோபர் 2, வியாழன்

பள்ளிக்கூடம் லீவு. சுடர் வரச் சொன்னாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்னை முறைத்தார்கள். வீட்டுக்குள் போனதும் கதவைக்கூடச் சாத்தவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"யார்கிட்ட காசு வாங்கின? பேரச் சொல்லு."

"சும்மா சொன்னேன் சுடர். உம்பேரு வரக்கூடாதுன்னு..."

"சும்மாவா? உங்க ஊருக் கூட்டத்துல என்ன முடிவு பண்ணிருக்காங்க தெரியுமா? லஞ்சம் குடுத்துக் கரைய உடைச்ச ஊருக்கு தீபாவளி வரைக்கும் முறையே கெடையாதாம். சிவசாமிய விட்டுப் பூட்டுப் போட்டுட்டாங்க. ஒரு சொட்டு வரல. உங்க பெரியப்பாரு மூத்திரம் அளவுக்குக்கூட... சீ, எதையாவது பேசவைக்காத."

"நான் பெரியப்பாகிட்ட..."

"பெரியப்பா! அது எங்க நாளு பகலவா. எங்க தண்ணிக்கு நாங்க எதுக்குக் காசு குடுக்கணும்? இங்க ஒவ்வொரு வீட்டுலயும் யாருடா குடுத்தது, நீயா நானான்னு அடிச்சிக்கறாங்க. எங்க ஊரையே திருட்டு ஊரு ஆக்கிட்டு வந்து நிக்கற. பெரிய தியாகம் பண்ணிட்டதா நெனப்பு."

உண்மைதான். நினைப்புதான்.

அப்புறம் குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்: "எனக்காகத் தொறந்தேன்னு சொல்றதுல என்ன கேவலம்? நான் என்ன கள்ளச் சாராயமா, ஒளிச்சி ஒளிச்சி வைக்க?"

எட்டாம் தேதி பி.டபிள்யூ.டி. அதிகாரி முன்னால் இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை. அவள் வருகிறாளாம். அவளே சொல்கிறாளாம். "நீ ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும்" என்றாள். சொல்கிறேன் என்றேன். செம்மொழி ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள்.

அக்டோபர் 3

சொல்லத்தான் போகிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பெரியப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. திடுதிப்பென்று சபையில் அவர் கேட்கக்கூடாது. அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா? போய்ச் சொன்னேன். சுடர், நான், இரண்டு வருஷம், எட்டாம் தேதி, எல்லாம்.

அடிப்பார் என்று நினைத்தேன். கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரை அவ்வளவு சின்னதாக நான் பார்த்ததில்லை.

"பரிதிக்கு அங்க ஒரு குடும்பம் இருக்கு. தெரியும்டா எனக்கு. உங்க பெரியம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா செத்துருவா. மருமவ அம்மா வீட்டுல நெலம் பாத்துக்கறா, பையன் லீவுக்கு வருவான், அப்படின்னு சொல்லிக்கிட்டு ஓட்டறேன். சபையில அந்தப் பொண்ணு எந்திரிச்சி நின்னுச்சுன்னா எல்லாத்தையும் இழுப்பானுவோ. நான் தெரிஞ்சே சிவசாமியத் தண்டிச்சதும் வரும். நாப்பது வருஷம்டா. கூலிக்குக் குனிஞ்சி நின்னவங்க எல்லாரும் இன்னிக்கு என்ன நம்பி நிக்கறாங்க."

"அவங்க ஊருக்குத் தண்ணி இல்ல பெரியப்பா."

"தண்ணிய நான் விடறேன். நாளைக்கே பேசி எப்படியாவது விடறேன். நீ மட்டும் ஆமான்னு சொல்லிடாத." சொல்லிக்கொண்டே என் காலைப் பார்த்துக் குனிந்தார். பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சோறு போட்ட கை அது. ஏன்யா இப்படிப் பண்றீங்க? ஏன் என்ன இப்படி நடுவுல நிறுத்தி வக்கிறீங்க எல்லாரும்?

அக்டோபர் 7

சுடர் குறுஞ்செய்தி: "நாளைக்குப் பத்து மணி." சரி என்று போட்டேன்.

அக்டோபர் 8, புதன்

நடந்தபடி எழுதுகிறேன். கூட்டியோ குறைத்தோ எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

சங்கக் கட்டிடம் நிரம்பி வழிந்தது. அதிகாரி பேசி முடித்தார். கடம்பவெளிப் பெரியவர்கள் தங்கள் ஊரில் யாரும் காசு கொடுக்கவில்லை என்றார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். அப்போது சுடர் எழுந்தாள். நீலச் சேலை. தலையைக் குனியவே இல்லை.

"யாரும் காசு குடுக்கல, யாரும் வாங்கல. என் நாத்து காயறதப் பாத்துட்டு எனக்காகத் தொறந்தாரு. எங்க ரெண்டு பேருக்கும் பழக்கம் இருக்கு. இனிமே நாங்க ஒண்ணா இருக்கப் போறோம். அதுக்கு எங்க ஊரத் தண்டிக்காதீங்க."

கூரை இடிந்த மாதிரி சத்தம். பெண்கள் பக்கத்தில் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செந்தில்குமார், "டேய் பகலவா, அது சொல்றது நெசமா?" என்று கத்தினான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. கையை மேஜையில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

சுடர் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஸ்கூலில் பதில் தெரிந்த பிள்ளையைக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தாள்.

"இல்ல" என்றேன்.

இன்னும் பேசினேன். வாய் தானாகப் பேசியது. "அண்ணி அவங்க ஊரக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாங்க. காசுதான் வாங்கினேன்."

சுடர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கடம்பவெளிக்காரர்களே அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள், பக்கத்தில் பட்டுவிடக்கூடாது என்கிற மாதிரி. என் ஆளுங்க சிரித்தார்கள். சிரிக்கிறவன் சட்டையை நான் பிடித்திருக்க வேண்டும். அதுதானே எனக்குத் தெரிந்த வேலை. பிடிக்கவில்லை.

அக்டோபர் 9

அவள் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

அக்டோபர் 10

சொன்னபடி பெரியப்பா கடம்பவெளிக்கு மூன்று நாள் தண்ணீர் விட ஏற்பாடு செய்தார். 'அவங்க புத்தி அப்படி, நம்ம புத்தி இப்படி' என்று பெரிய மனசாகப் பேசி எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைத்தார். கைதட்டினார்களாம். நான் போகவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மழை. முந்தாநாள் பிடித்தது, விடவில்லை. இப்போது எல்லா ஷட்டரும் மேலே தூக்கியிருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று வடிய விட்டுக்கொண்டிருக்கிறார்கள். யார் முறை, யார் நாள் என்று கேட்க நாதியில்லை. சிவசாமி மாமா குடை பிடித்துக்கொண்டு ஷட்டரில் நின்றவர், "இந்தக் கருமாந்தரத்துக்கா அடிச்சிக்கிட்டோம் தம்பி?" என்றார். தோள் வலிக்கிறது. சும்மா வலிக்கிறது.

அக்டோபர் 20, தீபாவளி

பெரியப்பா வீட்டில்தான் சாப்பாடு. ஊர் என்னை மன்னித்துவிட்டது என்று செந்தில்குமார் வந்து சொன்னான். காசு வாங்கினதை மன்னித்துவிட்டார்கள். அபராதமாக மங்களாம்பிகை அக்கா வயலை இந்தச் சம்பாவுக்கு நான் உழுது நட்டுக் கொடுக்கிறேன். அதைச் செய்யும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

பெரியம்மா புது வேட்டியும் சட்டையும் மஞ்சள் தடவிக் கொடுத்தார். "அந்தப் பொண்ணு இப்படி அபாண்டமா சொல்லும்னு நான் நெனக்கவேயில்லப்பா. நீ தங்கம்" என்று என் கன்னத்தைத் தொட்டார். உடுத்திக்கொண்டு வந்து நின்றேன். பெரியப்பா ஏறிட்டுப் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தால் பேசுவதில்லை. ஆட்கள் இருந்தால் பேசுகிறோம்.

நவம்பர் 3

கடம்பவெளி வழியாகப் போக வேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போனேன். அவள் நடவு முடித்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். நடவுக்கு ஊர்ப் பெண்கள் யாரும் வராததால் வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்தாளாம்.

நவம்பர் 12

பரிதி பெயருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பெரியப்பா படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "திருவாரூர் போயி வக்கீலப் பாக்கணும். நீ கூட வா" என்றார்.

நவம்பர் 17, திங்கள்

மழை தூறிக்கொண்டிருந்ததால் பைக் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்றார் பெரியப்பா. நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். அவரை முதலில் ஏற்றிவிட்டுவிட்டு, இடிக்கிறவர்களைத் தடுத்துக்கொண்டு படிக்கட்டில் கையைக் குறுக்கே வைத்து நின்றேன். பழக்கம்.

"சார், கொஞ்சம் கைய எடுத்தீங்கன்னா ஏறிக்குவேன்."

திரும்பினேன். சுடர். ஒரு கையில் மடக்கின குடை, இன்னொரு கையில் செம்மொழி. முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்பது மட்டும்தான் இருந்தது. கையை எடுத்தேன். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு மகளை முன்னால் ஏற்றி, தானும் ஏறி, பெண்கள் பக்கம் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

பெரியப்பா உள்ளே பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். போய் உட்கார்ந்தேன்.